கடமலைக்குண்டில் ஒரு மாலை செத்துக் கிடந்தேன்

இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம்தான். யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஓர் இடத்தில் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பேச்சும் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியவை சில சொற்கள்: என் பெயர், தண்ணி வழியுது, மோட்டார அணை. நகராட்சியில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். உடம்பு படுத்துவிட்டாலும் தொட்டி நிறைந்து வழிகிறதே என்ற கவலை மட்டும் படுக்கவில்லை. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் "ஏலே கொமரேசா" என்பார். ஓடிப் போனால், மோட்டார் என்பார். அணைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து தலையைச் சாய்ப்பேன். மறுபடியும் கொமரேசா.

அவர்மீது கோபமில்லை. ஆனால் அலுப்பு இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. என் மனைவி வசந்திதான், "ரெண்டு நாள் எங்கிட்டாச்சும் போய்ட்டு வாங்க, உங்க மொகத்தப் பாக்கச் சகிக்கல" என்று துரத்திவிட்டாள். அவளுக்கும் அலுப்புதான். அவள் முறை வரும்போது நான் இருந்துகொள்வதாக ஒப்பந்தம்.

போன பதிவின் பின்னூட்டத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தேனிப் பக்கத்தில் ஒரு குழு இருக்கிறதாம். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பாண்டியர் காலத்து ஆட்களைப் போல உடுத்திக்கொண்டு, சமைத்து, சண்டை போட்டு, அப்படியே வாழ்ந்து பார்க்கிறார்களாம். மாசி மாதம் கடமலைக்குண்டு பக்கம் ஒரு கண்மாயில் இரண்டு நாள் கூடுவார்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் தங்கலாம், ஆனால் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்றிருந்தார். பாண்டியர்களைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. போன் கூடாது என்ற வரியைப் படித்ததும் கிளம்ப முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 5.40க்குத் திண்டுக்கல்லில் தேனி வண்டி. வத்தலக்குண்டு, பெரியகுளம் வழி, எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். தூங்கிக்கொண்டே போகலாம் என்று ஜன்னலோரம் பிடித்தேன். வடுகபட்டிக்குப் பூண்டு எடுக்கப் போகிற ஒரு வியாபாரி பக்கத்தில் உட்கார்ந்து, காலிச் சாக்குகளைப் பாதி என் மடியிலும் பரப்பிவிட்டார். அந்த வாசத்தில் தூக்கம் எங்கே வரும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "வேல சோலி இல்லாதவுக போல" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தேன்.

தேனியில் வருசநாடு வண்டிக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். நான்கு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, அறுபத்தைந்து ரூபாய். அந்த டீயை இன்னும் நிதானமாகக் குடித்திருக்க வேண்டும், ஏன் என்பது பின்னால் தெரியும். கண்டமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. இறங்கிய இடம் கடமலைக்குண்டு. தேனியிலிருந்து முப்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய், ஒரு மணி நேரம். சந்தைக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக இறங்கும்போது இடுப்பு தனியாக ஒரு பக்கம் நின்றது.

குழுவின் ஆள் ஒருவர் டிவிஎஸ் வண்டியோடு வந்திருந்தார். பெயர் பாண்டி, முப்பது வயதிருக்கும், சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறார். வேட்டிக்கு மேல் மெத்தை மாதிரி தைத்த ஒரு பருத்திச் சட்டை போட்டிருந்தார். அதுதான் அந்தக் காலத்துக் கவசமாம். அந்தக் கோலத்தில் வண்டி ஓட்டுவதைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

"நீங்க இங்கன என்ன சார் செய்யுறீக?" என்று கேட்டேன்.

"நான் சாவேன் சார்" என்றார். "மாடு புடிச்சிட்டுப் போறவுகள மறிச்சுச் சண்ட போட்டு, அம்புபட்டுச் செத்துருவேன். அப்பறம் எனக்கு வீரக்கல்லு நடுவாக. ரெண்டு வருசமா நாந்தான்."

கண்மாய் நான்கு கிலோமீட்டர் உள்ளே. தண்ணீர் வற்றிக் கரையோரம் புல் மட்டும் நின்றது. புளியமரங்களைச் சுற்றித் தென்னங்கயிறு ஒன்றைக் கட்டி வளைத்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே இந்தக் காலம், உள்ளே அந்தக் காலம். நுழைகிற இடத்தில் ஒரு சாக்குப்பை. போன், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள் போக வேண்டும்.

வாசலில் நின்று சோதனை போட்டவர் செல்வராணி. குழுவை நடத்துகிறவர் இவர்தான். தேனியில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது, கறாரான ஆள். குழுவில் இப்போது பதினேழு பேர், கம்பம், போடி, வீரபாண்டி என்று பல ஊர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீரபாண்டி ஆற்றங்கரைத் தோப்பொன்றில் கம்பு வீசிப் பழகுகிறார்கள். கவசம் முழுக்க செல்வராணி கையால் தைத்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜட்டியில எலாஸ்டிக் இருக்கா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அது வெளிய தெரியாதுல்ல, போகட்டும்" என்று பெரிய மனதோடு விட்டார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிளகாய் அந்தக் காலத்தில் நம் நாட்டில் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் கிடையாது. தேனி மாவட்டத்தில் மிளகாய் இல்லாமல் குழம்பு. சாமைச் சோறு, மிளகு போட்ட கொள்ளுச் சாறு, நல்லெண்ணெயில் வதக்கிய கத்திரிக்காய். ருசி மோசமில்லை, நாக்குதான் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஆனால் டீ இல்லை. காப்பியும் இல்லை. மூன்று மணிக்கு எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. கயிற்றுக்கு வெளியே வந்து, பாண்டியின் டிவிஎஸ்ஸில் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டு ரூபாய். செல்வராணி பார்த்தும் பார்க்காதது போல இருந்தார், அவர் வாயிலும் டீ வாசம் வந்தது.

சாயங்காலம் ஒத்திகை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் மலைமாடுகளை ஓட்டி வந்திருந்தார்கள். ஒரு கூட்டம் அவற்றைக் கவர்ந்து போக வேண்டும், இன்னொரு கூட்டம் மறிக்க வேண்டும். மூங்கில் ஈட்டியும் மரவாளும் தடதடவென்று மோதின. மாடுகள் எதையும் சட்டை செய்யாமல் மேய்ந்தன. ஒன்று போர்க்களத்தின் நடுவே படுத்து அசைபோட ஆரம்பித்தது. அன்று இரவு புளியமரத்தடியில் பாயை விரித்துப் படுத்தேன். நல்ல அமைதி. ஆனாலும் பழக்க தோஷம், யாரோ கூப்பிட்டது போல அடிக்கடி முழிப்பு வந்தது.

ஞாயிறு காலை பாண்டியின் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்களாம். எல்லோருக்கும் கருப்பட்டி கொடுத்தார். பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அம்மா சொன்னார், "வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு பாடையில படுக்கக் கூடாதுப்பா."

செல்வராணி அதை ஒப்புக்கொண்டார், அதில் பேச இடமில்லை. அப்புறம் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மரத்து வேரில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் சுற்றுவட்டாரத்தில் இருந்து சனம் வரும். ஊர்ப் பெரியவர்களும் வருவார்கள். கண்மாயில் வருடா வருடம் கூடுவதற்கு அவர்கள்தான் சம்மதம் தர வேண்டும். சாவு இல்லாமல் கல் இல்லை, கல் இல்லாவிட்டால் வெறும் மாடு விரட்டல்தான். ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குப் பங்குனியில் மகன் கல்யாணம். ஒருவர் புது வீடு பால்காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னொருவர், "பாடையில படுத்துட்டு வந்தா வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னு வீட்டுக்காரி சொல்லியிருக்கா" என்றார்.

கடைசியில் எல்லோருடைய பார்வையும் மரத்தடியில் படுத்துக் கிடந்த என் மேல் வந்து நின்றது. "சார், நீங்க ஏற்கெனவே பாதி அப்பிடித்தான் இருக்கீக" என்றார் பாண்டி.

எனக்கு உள்ளூர சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும், கண்ணைத் திறக்கக் கூடாது, யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. மூன்று வருடமாக நான் வேண்டிக் கிடந்த வேலை அதுதான். உடனே சரி என்றேன்.

ஒப்பாரிக்கு வந்த பேச்சி அக்கா ஒரு நிபந்தனை போட்டார். பக்கத்து ஊர்க்காரர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அழுவது அவர் பொறுப்பு. முதல் வருடத்துக் கதையைச் சொன்னார். அந்த வருடம் செத்தவர் கல் நட்டு முடிந்ததும் தானாக எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கயிற்றைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விட்டாராம். அடுத்த வாரத்தில் ஊரில் இரண்டு கன்றுக்குட்டிகள் செத்து விழுந்தன. பாடையில் படுத்தவன் தன்னால் எழுந்து நடந்தால் வேறென்ன நடக்கும் என்று ஊரே குழுவை வைதது.

"சாகுற வரைக்கும் எல்லாத்தையும் அலசி ஆராஞ்சோம் சார்" என்றார் செல்வராணி. "எந்திரிக்கிறத யாரும் யோசிக்கல."

அதிலிருந்து ஒரு வழக்கம். படுத்தவரை அவருடைய சொந்தம் ஒருவர், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் கூப்பிட வேண்டும். அப்புறம்தான் எழலாம். பாண்டிக்கு அவர் அம்மா கூப்பிடுவார். "ஒங்களுக்கு யாரு இருக்காக?" என்று கேட்டார் பேச்சி அக்கா. "போன்ல கூப்பிட்டாலும் சரிதான். ஆனா பேரச் சொல்லணும். சொந்தம் சொல்லணும்."

செல்வராணிக்கு முகம் சுருங்கிப் போனது. கயிற்றுக்குள் போனைக் கொண்டுவருவதா. ஆனால் ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை. வெகுநேரம் யோசித்து, "பானைக்குள்ள வச்சு பாடைக்குப் பக்கத்துல வச்சிருவோம், வெளிய தெரியப்படாது" என்றார்.

வெளியே போய் வசந்திக்குப் போன் போட்டேன். விவரம் கேட்டதும் முதலில் திட்டினாள், அது நியாயம்தான். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றேன்.

"இருவத்தாறு வருசமா வாயில வராத பேர, நீங்க செத்துக் கெடக்கும்போதா மொதமொதச் சொல்லணும்? என்னால முடியாதுங்க" என்றாள்.

வேறு யார் என்று யோசித்துப் பார்த்தேன். மகள் அப்பா என்பாள். தம்பி அண்ணே என்பான். ஆபீசில் சார். அம்மா இல்லை, பெரியப்பா சித்தப்பா யாரும் இல்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமையுள்ள சொந்தம் உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம் என்று, ஐம்பத்து நான்காவது வயதில், கடமலைக்குண்டு ரோட்டோரம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வசந்தியும் அதையேதான் சொன்னாள். "மாமாகிட்டப் போனக் குடுத்துர்றேன். அவரு எந்நேரமும் ஒங்க பேரத்தான சொல்லிக்கிட்டு இருக்காரு. எதுக்குன்னு அவருகிட்டச் சொல்லமாட்டேன்."

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மறிக்கப் போய், முதுகில் ஒரு மூங்கில் அம்பு பட்டு, மெதுவாக, முட்டி மடக்க முடிந்த அளவுக்கு மடக்கி விழுந்தேன். பச்சை மூங்கில் பாடையில் தூக்கி வைத்தார்கள். தலைமாட்டில் பானை. அதற்குள் ஸ்பீக்கரில் போட்ட என் போன், அந்தப் பக்கம் என் வீடு. பேச்சி அக்கா அழ ஆரம்பித்தார். திண்டுக்கல்லில் இருந்து வண்டி கட்டி வந்த மகராசா என்றார். பஸ் ஏறி வந்த என்றுதான் முதலில் வைத்திருந்தார், செல்வராணி மாற்றச் சொல்லியிருந்தார். அப்பனுக்கு ஒரு கை நீதானே, அந்தக் கை ஒடிஞ்சதென்ன என்று அவர் இழுத்தபோது, மூடிய கண்ணுக்குள் எனக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டது. நான் சொன்ன இரண்டு மூன்று விவரத்தை வைத்து அவ்வளவும் கட்டிவிட்டார்.

கல்லை நட்டார்கள். மாலை போட்டார்கள். அழுகை ஓய்ந்தது. எல்லோரும் பானையைப் பார்த்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. பானையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கழுத்தில் எறும்பு ஏறியது. அசையக் கூடாது. வெயில் இறங்குவது இமையின் மேல் தெரிந்தது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. அப்போது பானைக்குள் வசந்தியின் குரல், மெதுவாக, ரகசியம் பேசுவது போல: "என்னங்க, மாமா தூங்குறாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்து அடக்கினார்கள். பேச்சி அக்கா சிரிக்கவில்லை. "எழுப்பி விடு தாயி, பொழுது போகுது" என்றார். பானைக்குள் மாமா, மாமா என்ற சத்தம் கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. மறுபடி அமைதி.

மூன்று வருடமாக, அவர் ஓர் இரவாவது அசந்து தூங்க மாட்டாரா என்று நான் வேண்டாத சாமி கிடையாது. இப்போது, பொழுது சாயும் நேரத்தில், ஊரார் நடுவில் கிடந்துகொண்டு, கூப்பிடுங்கப்பா, ஒரு தடவை கூப்பிடுங்கப்பா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இது ஆட்டம்தான், எழுந்தால் யாரும் அடிக்கப் போவதில்லை, அறிவுக்கு அது தெரிந்தது. ஆனால் உடம்பு எழ மாட்டேன் என்றது. அவர் முழிக்காமலே போய்விட்டால் என்ற பயம் வந்துவிட்டது. நான் கிடந்த பாடையில் அவரை வைத்து நினைத்துவிட்டேன்.

பானை கரகரத்தது. தொண்டையைச் செருமுகிற சத்தம், எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பிறகு பானையின் வயிறு முழுக்க நிறைந்து வந்தது அந்தக் குரல்.

"ஏலே கொமரேசா. மோட்டார அணைடா. தண்ணி வழியுது."

எழுந்துவிட்டேன். "அணைச்சிட்டேன்ப்பா" என்று பானையைப் பார்த்துச் சொன்னேன். வழக்கம் போல வாய் தானாகச் சொல்லிவிட்டது. பேச்சி அக்கா மஞ்சள் தண்ணியை என் தலையில் தெளித்து, தோளைப் பிடித்துப் பாடையிலிருந்து இறக்கிவிட்டார். "நல்ல கொரலு" என்றார். ஊர்ப் பெரியவர்கள் கல்லுக்குத் தேங்காய் உடைத்து, அடுத்த மாசிக்கும் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செல்வராணி என் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாம் சரியா அமைஞ்சிருச்சு சார். அந்த மோட்டார்தான் ஒதைக்குது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அடுத்த வருடமும் நீங்களே வாருங்கள் என்றார். அடுத்த வருடம் நான் படுக்க வேண்டுமென்றால் அப்பா இருக்க வேண்டும். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்காகக் கயிற்றுக்குள்ளேயே ஒரு தம்ளர் டீ வரவழைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஆளுக்கு அறுநூறு ரூபாய் வாங்கினார்கள். பாயும் போர்வையும் கொண்டுபோங்கள், மலைக்காற்று விடியற்காலையில் குளிர்கிறது. டீ குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தலைவலி மாத்திரையை மறக்க வேண்டாம். பவர் கூடிய கண்ணாடிக்காரர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், செல்வராணி இளகிவிடுவார் என்று நினைக்கிறேன். திரும்பும்போது கடமலைக்குண்டில் இருந்து மாலை ஆறரைக்கு மேல் தேனிக்கு வண்டி குறைவு. அதைத் தவறவிட்டு நான் மினி லாரியில், நட்டுப் பிடுங்கிய கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேனி வந்தேன். பாண்டி காசு வாங்கவில்லை.

இன்னும் ஒன்று. செத்துப் பார்க்க ஆசையிருந்தால், கிளம்பும் முன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன காரியம் நடக்கவில்லை. அலுப்பு அப்படியே இருக்கிறது, இடுப்பு வலி கூடுதல். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை எழுந்து போய் வந்தேன் என்று கணக்கில்லை. இதோ, மறுபடியும் கூப்பிடுகிறார். போய் மோட்டாரை அணைத்துவிட்டு வருகிறேன்.